ஆன்டிகனியோட 'நாம': ஏதென்ஸ் நாட்குறிப்பு

ஜூலை 2

வெயில் கொளுத்துது, மதியம் ரெண்டு மணிக்கு ரோட்ல ஈ காக்கா இல்ல. ஏதென்ஸோட பிளாக்காங்கற பகுதியில ஒரு மாடி ரூம்ல எட்டு பேர் வட்டமா உக்காந்து, பழங்கால கிரேக்க நாடகக்காரர் சோஃபோகிளிஸோட ஆன்டிகனி நாடகத்த கிரேக்கத்துலயே வாய்விட்டு படிக்க ஆரம்பிச்சோம். மூணு மணி நேரம் ஆச்சு, பத்து வரி கூட தாண்டல.

முதல் வரியிலயே நின்னுட்டோம். "ஓ கொய்னோன் ஔதாதெல்ஃபோன் இஸ்மேனேஸ் கரா". ஆன்டிகனி இஸ்மேனிய கூப்பிடறா, அவ்வளவுதான். வார்த்தைக்கு வார்த்தை பாத்தா 'பொதுவான, கூடவே பொறந்த இஸ்மேனியோட தலையே'ன்னு வருது. நான் வச்சிருக்கற இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல 'என் அன்புச் சகோதரி'ன்ற மாதிரி போட்டு தாண்டிப் போயிட்டாங்க. ஆனா அதெல்ஃபோஸ்ங்கற சொல்லுக்குள்ள கர்ப்பப்பை இருக்கு, ஒரே கர்ப்பப்பைன்னு அர்த்தம். டீச்சர் இத சொன்ன உடனே எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, ஏன்னா நாங்க சண்டை போட்டா அம்மா 'ஒரே வயித்துல பொறந்ததுங்களா இதுங்க'ன்னு கேக்கறது இதேதான். அதுலயும் இவங்க அப்பா ஈடிபஸ், இவங்களப் பெத்த அம்மாதான் அவரையும் பெத்தவ. அப்போ அந்த 'பொது'ங்கற சொல் எவ்வளவு கனக்குது பாருங்க.

ஜூலை 4

இன்னைக்கு கெடச்சதுக்கு இந்த ஒரு நாளே போதும்.

கிரேக்கத்துல ஒருமை, பன்மை தவிர நடுவுல இருமைன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டே ரெண்டு பேருக்கு. மூணாவது வரியில 'நோன்'னு ஒரு குட்டி சொல், 'நம்ம ரெண்டு பேருக்கு'ன்னு அர்த்தம். இஸ்மேனியும் அப்படியேதான் பதில் சொல்றா, ரெண்டு கூடப்பொறந்தவங்கள நாம ரெண்டு பேரும் இழந்தோம், ஒரே நாள்ல, ஒருத்தர் கையால ஒருத்தர் செத்தாங்கன்னு. வரி பூரா ரெண்டு ரெண்டுன்னு வந்துட்டே இருக்கு. அப்புறம் ஆன்டிகனி கேக்கறா, செத்த ரெண்டு பேர்ல ஒருத்தனான பாலினைசஸ புதைக்கக்கூடாதுன்னு ராஜா கிரியோன் போட்ட உத்தரவ மீறி நீ எனக்கு கை குடுப்பியான்னு. இஸ்மேனி மாட்டேங்கறா, நாம பொம்பளைங்க, ஆம்பளைங்களோட மோத முடியாதுன்னு. அதோட முடிஞ்சுது, அதுக்கப்புறம் ஆன்டிகனி வாயில தன்னையும் தங்கச்சியையும் சேத்துச் சொல்ற அந்த இருமை வர்றதே இல்ல.

(தங்கச்சின்னு எழுதிட்டேன். தமிழ்ல அக்காவா தங்கச்சியான்னு சொல்லாம நகரவே முடியல, அந்த முதல் வரியில அது கிடையாது.)

நமக்கு இருமை இல்ல, ஆனா நாம, நாங்கன்னு ரெண்டு இருக்கு. நாமன்னா நீயும் உள்ள, நாங்கன்னா நீ வெளிய. ஆன்டிகனி 'நாம'ல ஆரம்பிச்சு நூறு வரிக்குள்ள 'நான்'ல வந்து நிக்கறா. இத வகுப்புல சொன்னப்போ ஆன்டிகனி வரிகள படிக்கற பொண்ணு, ஏதென்ஸ்காரி, அந்த ரெண்டு சொல்லையும் திரும்பத் திரும்ப சொல்லச் சொல்லி கேட்டா. அவங்களோட இப்போதைய கிரேக்கத்துல இருமை எப்பவோ போயிடுச்சு.

ஜூலை 7

வேஷம் பிரிச்சாச்சு. அந்தக் காலத்துல பேசற நடிகர் மூணே பேர், எல்லாரும் ஆம்பளைங்க, முகமூடி மாத்தி மாத்தி எல்லா பாத்திரத்தையும் பண்ணுவாங்க. ரெண்டாவது நடிகர கொண்டுவந்தது ஈஸ்கிலஸ், மூணாவது சோஃபோகிளிஸ்னு அரிஸ்டாட்டில் எழுதியிருக்காரு. நாங்களும் மூணு பேர்தான்னு டீச்சர் பிடிவாதமா சொல்லிட்டாங்க, மிச்சம் அஞ்சு பேர் கோரஸ், மூலத்துல 15.

எனக்கு இஸ்மேனி, காவல்காரன், அப்புறம் ஹேமோன், கிரியோனோட பையன், ஆன்டிகனிய கட்டிக்கப் போறவன். காவல்காரன் 445வது வரிகிட்ட போறான், 530 சுத்தி இஸ்மேனி திரும்ப வரணும், நடுவுல 80 வரி, அதுக்குள்ள முகமூடி துணி எல்லாம் மாத்தணும். அது பழகிடும். என்னை ராத்திரி தூங்க விடாம பண்றது வேற. ஆன்டிகனிக்கு கை குடுக்க மாட்டேன்னு சொல்ற இஸ்மேனியும் அவளுக்காக செத்துப்போற ஹேமோனும் ஒரே ஆளோட குரல்ல வரப் போகுது. தனியா புக்க படிச்சிருந்தா இது எனக்கு தோணியே இருக்காது.

ஜூலை 9

அக்ரோபோலிஸ் தெக்குச் சரிவுல டயோனிசஸ் தியேட்டர். இப்போ தெரியற கல்லு வரிசைலாம் சோஃபோகிளிஸ் செத்து பல வருஷம் கழிச்சு வந்தது, அவர் காலத்துல மரப்பலகை. ஆன்டிகனி கிமு 441 வாக்குலன்னு சொல்றாங்க. அந்தச் சரிவுல ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், சில்வண்டு சத்தம் காத அடைக்குது.

ஜூலை 11

கோரஸ் பாட்டு. "பொல்லா தா தெய்னா". அவங்க பொல்லான்னா 'பல', நம்ம பொல்லாத இல்ல, ஆனா காதுல அப்படித்தான் விழுது, அதுவும் பொருந்துது. தெய்னான்னா பயப்பட வைக்கறது, அசர வைக்கறது ரெண்டும், மனுஷனவிட தெய்னாவானது எதுவும் இல்லன்னு பாட்டு. இதுக்கு சரியான சொல் என்னன்னு எல்லாரும் மண்டைய ஒடைச்சுக்கறாங்க, நம்ம ஊர்ல பைக் ஓட்டறவனையும் புயலையும் 'பயங்கரம்'னு ஒரே சொல்லுலதானே சொல்றோம்!

குரலோட ஏத்த இறக்கம்தான் கஷ்டம். குறில் நெடில் நமக்கு நாக்குலயே இருக்கு, மத்தவங்க திணர்ற இடத்துல எனக்கு சுலபமா வருது, ஆனா அதுக்கு மேல சுரம் மாதிரி ஏறி எறங்கணும். கிமு 408ல யூரிப்பிடிஸோட ஒரெஸ்டிஸ் நாடகத்துல ஹெகெலோகஸ்னு ஒரு நடிகர், 'அலைக்கப்புறம் அமைதி தெரியுது'ன்னு சொல்ல வேண்டியது, ஒரு சுரம் மாறி 'மரநாய் தெரியுது'ன்னு ஆயிடுச்சு. காமெடி நாடகம் எழுதற அரிஸ்டாஃபனிஸ் அத தவளைகள் நாடகத்துல வச்சு கிண்டல் பண்ணிட்டாரு. 2,400 வருஷமா அந்த மனுஷன் பேரு அந்த ஒரு தப்புக்காக நிக்குது. எனக்கு பாவமா இருக்கு அவர நெனச்சா.

ஜூலை 13

பஸ்ல ரெண்டு மணி நேரம், எபிடாரஸ்ல இருக்கற பழங்கால தியேட்டர். 55 வரிசை, நான் மூச்சு வாங்க கடைசி வரிசைக்கு ஏறிட்டேன். கீழ வட்டத்து நடுவுல ஆன்டிகனி பொண்ணு நின்னு, கத்தல, சாதாரணமா பேசற மாதிரிதான் முதல் வரிய சொன்னா. முழுசா கேட்டுது. அவ்வளவு தூரத்துல அவ விரல் அளவுதான் தெரியறா, முகமே தெரியல, ஆனா 'கரா' கிட்டத்துல யாரோ சொன்ன மாதிரி வந்துது. முகமூடி எதுக்குன்னு அங்க புரிஞ்சுது, இந்த தூரத்துல முகத்த வச்சு எதுவும் பண்ண முடியாது, குரலும் உடம்பும்தான்.

ஜூலை 15

மாத்தத்துக்கு லத்தீன், ரோம நாடகக்காரர் பிளாட்டஸோட மெனேக்மி. ரெட்டைப் பிள்ளைங்க ஆள்மாறாட்டக் கதை, நல்லா சிரிச்சோம். ரெட்டையர் நாடகம், ஆனா லத்தீன்ல இருமை இல்ல, 'ரெண்டு', 'ரெண்டு பேரும்'ங்கற சொற்கள்ல மட்டும் அதோட தழும்பு ஒட்டிட்டு இருக்கு. அந்தக் காலத்து ரோம்ல விழாவுக்கு மர மேடை கட்டி முடிஞ்சதும் பிரிச்சுடுவாங்களாம், கல்லுல முதல் நிரந்தர தியேட்டர் கிமு 55ல ரோமத் தளபதி பாம்பே கட்டினதுதான். நாளைக்கு மறுபடி ஆன்டிகனி.

ஜூலை 18

இன்னைக்கு முழு ஓட்டம், முகமூடியோட, முப்பது பேர் பாத்தாங்க.

முகமூடிக்குள்ள சொந்த மூச்சு சத்தம்தான் பெருசா கேக்குது. பக்கத்துல நிக்கறவள ஓரக்கண்ணால பாக்க முடியாது, முழுத் தலையையும் திருப்பணும், அதனால திரும்பறதே ஒரு முடிவு மாதிரி ஆயிடுது. முதல் காட்சியில நான் மாட்டேன்னு சொன்னதும் அவ தலைய முன்னாடி திருப்பிட்டா. அதுக்கப்புறம் எனக்கு அவ காது மட்டும்தான் தெரிஞ்சுது.

அப்புறம் காவல்காரன், அவசரமா மாத்தினது, திரும்ப இஸ்மேனி. 536வது வரி, அவ ஒத்துக்கிட்டா நானும்தான் செஞ்சேன்னு கிரியோன்கிட்ட சொல்ற இடம். நேத்து வரைக்கும் இத தியாகமா சொல்லிட்டு இருந்தேன். இன்னைக்கு வாயத் திறக்கறப்போ அந்த முதல் காட்சியோட 'நாம'வ திரும்பக் கேக்கறதா வந்துடுச்சு, நடுவுல குரல் உடைஞ்சுது, டீச்சர் நிறுத்தல. நீ வரமாட்டேன்னே, நானும் உன்ன சேத்துக்கலன்னு அவ சொன்னா. இந்த தடவ தலைய முழுசா என் பக்கம் திருப்பி சொன்னா.