அனோரதா சாலையில் ஒரு பாக்கெட் வாட்ச்

ரங்கூன் நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி முன்னால். விமானம் இறங்கும்போது எல்லாரும் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். என் பையில் இருந்த வாட்சுக்கு அந்த வேலை இல்லை. ஓடினால்தானே திருப்புவதற்கு!

அதை வாங்கியது பல்லாவரம் வெள்ளிச் சந்தையில். தாத்தா சொத்து, பரம்பரைப் பொருள் என்றெல்லாம் கதை எதுவும் கிடையாது. வெள்ளிக் கூடு, எனாமல் டயல், அதில் ஆங்கிலத்தில் ‘வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய் – கல்கத்தா’. சுவிட்சர்லாந்தில் செய்து நம் பக்கம் கொண்டுவந்து விற்றவை இவை. சாவி கொடுத்தால் இரண்டு நிமிடம் ஓடும், நின்றுவிடும். தட்டினால் திரும்ப ஓடும். சென்னையில் காட்டிய இடத்திலெல்லாம் ஒரே பதில்: “பார்ட்ஸ் வராது சார், ஷோகேஸ்ல வச்சுக்கங்க.” பர்மா பஜாரில் சார்ஜர் விற்கும் பெரியவர் ஒருவர், அறுபதுகளில் அங்கிருந்து கப்பலேறி வந்த குடும்பம், அவர் மட்டும்தான் வேறு மாதிரி சொன்னார்: “ரங்கூன் போறீங்கள்ல, கையோட எடுத்துட்டுப் போங்க. அவங்க எதையும் தூக்கிப் போட மாட்டாங்க.”

சுலே பகோடாவிலிருந்து வடக்கே நடந்தால் அனோரதா சாலை. வெள்ளைக்காரன் காலத்தில் ஃப்ரேசர் தெரு. குறுக்கே ஓடும் தெருக்களில் பலவற்றுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். அதனால் வழி தப்புவது கடினம். காளி கோயில் இந்தச் சாலையில்தான் இருக்கிறது, நம் ஆட்கள் 1871ல் கட்டியது. கோபுரத்தைப் பார்த்ததும் கும்பகோணத்துக்கு வந்துவிட்டோமா என்று ஒரு கணம் தோன்றும். வாசலில் பூ விற்ற அம்மாவிடம் வாட்சைக் காட்டிக் கேட்டேன். கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசியிருந்தார், தமிழில் பாதி வாக்கியம் பர்மியப் பேச்சில் போய் முடிந்தது. “வாட்சா? அதோ, அந்த மாடிப்படிக்குக் கீழ. பாய் இருப்பாரு. லுஹர் தொழுகைக்குப் போறதுக்குள்ள போயிரு.”

மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடி மேசை, ஒரு ஸ்டூல், சுவரில் நேரம் ஒத்துப்போகாத நான்கைந்து சுவர்க்கடிகாரங்கள். கடை என்றால் அவ்வளவுதான். பாய்க்கு எழுபது வயதிருக்கும். முன்னால் முடிச்சிட்ட பர்மியக் கைலி, நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட லூப் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி). பூர்வீகம் கடையநல்லூர் என்றார், ஆனால் பார்த்ததில்லையாம். அவர் அத்தாவுக்கு இதே சாலையில் பெரிய வாட்ச் கடை இருந்திருக்கிறது. 1964ல் நெ வினின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது அது போனது. அதே வருடம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. சொந்தக்காரர்கள் கப்பலேற, அத்தா மட்டும் போக மறுத்துவிட்டாராம். “கடையத்தான் எடுத்தாங்க தம்பி, இந்த மேசையை எடுக்கல,” என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

அதற்குப் பிறகு பல வருடம் இறக்குமதி கிடையாது. தாய்லாந்து எல்லை வழியாகக் கள்ளத்தனமாக வந்ததுதான் சரக்கு. புது உதிரிபாகம் வராத ஊரில் செத்த வாட்சுகளே உதிரிபாகம். மேசைக்கு அடியில் அவர் வைத்திருக்கும் பிஸ்கட் டின்களைப் பார்த்தால் புரியும். ஒன்றில் பேலன்ஸ் வீல் (இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்), ஒன்றில் மெயின் ஸ்பிரிங், ஒன்றில் யார் யாருடையதோ முட்கள். பஜார் பெரியவர் சொன்னது சரிதான்.

வாட்சைக் கையில் வாங்கியவர் உடனே திறக்கவில்லை. நாலு சுற்று சாவி கொடுத்து, காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டயலை மேலே பார்க்க வைத்துக் கேட்டார். கீழே பார்க்க வைத்துக் கேட்டார். “டிக் நல்லா இருக்கு, டாக் நொண்டுது,” என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

இந்த டிக்கும் டாக்கும் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. சாவி கொடுத்த ஸ்பிரிங் ஒரேயடியாகப் பிரிந்துவிடப் பார்க்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும் காவல்காரன்தான் எஸ்கேப்மென்ட். பதினைந்து பல் உள்ள எஸ்கேப் வீல் ஒன்று, அதைப் பிடித்து விடும் பேலட் ஃபோர்க் ஒன்று. ஃபோர்க்கின் இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு சிவப்புக் கல், செயற்கை மாணிக்கம். பல் ஒரு கல்லில் வந்து பூட்டிக்கொள்ளும். பேலன்ஸ் வீல் ஆடி வந்து ஃபோர்க்கைத் தட்டினால் பூட்டு திறக்கும். பல் அந்தக் கல்லின் சாய்ந்த முகத்தைத் தள்ளிக்கொண்டே நழுவும். அந்தத் தள்ளல்தான் பேலன்ஸுக்குத் திரும்பக் கிடைக்கும் உயிர். உடனே இன்னொரு பல் அடுத்த கல்லில் வந்து பூட்டும். இப்படி நொடிக்கு ஐந்து தடவை, மணிக்கு 18,000 தடவை. தாமஸ் மட்ஜ் என்ற ஆங்கிலேயர் 1750களில் கண்டுபிடித்த ஏற்பாடு. சாவி கொடுக்கும் நல்ல வாட்சுகளில் பெரும்பாலானவற்றில் இன்றுவரை இதன் வாரிசுதான் ஓடுகிறது.

பூட்டின் ஆழம்தான் இதில் உயிர்நாடி. ஃபோர்க் மொத்தமே பத்து டிகிரிதான் ஆடும், பூட்டுக்கு அதில் ஒன்றரை டிகிரி. ஆழம் குறைந்தால் பல் பூட்டாமல் நழுவிவிடும். கூடினால் ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறக்கவே பேலன்ஸின் பலமெல்லாம் செலவாகிவிடும்.

பாய் முதலில் ஸ்பிரிங்கை இறக்கினார். கிளிக்கை (ஸ்பிரிங் பிரியாமல் தடுக்கும் கொக்கி) மூங்கில் குச்சியால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சாவியை விரலுக்கு நடுவே மெல்ல நழுவவிட்டார். இதைச் செய்யாமல் ஃபோர்க்கைக் கழற்றினால் அத்தனை சக்கரமும் விர்ரென்று சுற்றும், பிவட் (சக்கர அச்சின் முனை) முறிந்தாலும் முறியும். அப்புறம் பேலன்ஸைக் கழற்றி ஓரமாக வைத்து, கொஞ்சமே கொஞ்சம் சாவி கொடுத்து, ஃபோர்க்கை ஒரு ஊசி முனையால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். தொட்டதும் தானாக ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியது. மறுபக்கம் பல் விடவே மாட்டேன் என்றது.

நானாக இருந்தால் அத்தோடு கல்லில் கைவைத்திருப்பேன். அவர் வைக்கவில்லை. பதினைந்து பல்லையும் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். ஏதோ இரண்டு மூன்று பல்லில் மட்டும் சிக்கினால் கோளாறு சக்கரத்தில். எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி சிக்கினால் கல்லில். எல்லாவற்றிலும் சிக்கியது. லூப்பை என்னிடம் நீட்டினார். பல் வெளியேறும் பக்கத்துக் கல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதன் அடியில் வெள்ளைப் பூஞ்சைபோல ஏதோ படிந்திருந்தது.

“சூப்பர் குளூ,” என்றார் பாய். கெட்ட வார்த்தை சொல்கிற குரலில்.

இந்தக் கற்களை ஒட்ட வேண்டியது அரக்கால். சூடு காட்டினால் இளகும், கல்லை நகர்த்தலாம், ஆறினால் இறுகும். பசையைப் போட்டு ஒட்டியவர் இந்த வழியையே அடைத்துவிட்டார். எந்த ஊர்க் கை என்று தெரியாது. பையனை அனுப்பிப் பக்கத்து ஃபேன்சி கடையில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கிவரச் சொன்னார். அதில் உள்ள அசிட்டோன் பசையைக் கரைக்கும். ஆனால் அடுத்த கல்லின் அரக்கையும் அது இளக்கிவிடுமே? ஃபோர்க்கை முக்காமல், காகிதத்தைத் திரித்து நனைத்து, அந்த ஒரு மூலையில் மட்டும் வைத்துவிட்டு டீ சொன்னார்.

கரண்ட் போனது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்பிரிட் விளக்குக்குக் கரண்ட் எதற்கு?

பித்தளைத் தகடு ஒன்றில் ஃபோர்க்கைக் கவிழ்த்து வைத்து விளக்கில் காட்டினார். ஷான் மலைக்காட்டு அரக்காம். (போஜோ மார்க்கெட்டில் விற்கும் பகான் ஊர் மெருகுப் பெட்டிகளின் பளபளப்பு இதிலிருந்து வருவதல்ல, அது மரப்பால். இது பூச்சி தருவது.) அரக்கை இளக்கி நூலாக இழுத்து வைத்திருந்தார். அதன் நுனியைக் கல்லுக்குப் பக்கத்தில் தொட்டதும் உருகி உள்ளே ஓடியது. கல்லை ட்வீசரால் உள்ளே தள்ளினார். அவர் தள்ளியது என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறவிட்டு, மாட்டி, பல்லை ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்றிச் சூடாக்கினார். சலிக்காமல் இதையே செய்துகொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் ஃபோர்க் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடி ஒட்டியது.

கல்லின் முகத்துக்கு எண்ணெய் தொட்டு வைத்தார். ஃபோர்க்கின் பிவட்டுக்கு ஏன் விடவில்லை என்று கேட்டேன். “அது அசையறதே கொஞ்சூண்டு. எண்ணெய் விட்டா இழுத்துப் பிடிச்சுக்கும்.” பேலன்ஸை மாட்டினார். வாட்ச் உடனே கிளம்பியது. நான் கை தட்டாத குறை.

பாய் முகம் மட்டும் மலரவில்லை. முழுச் சாவி கொடுத்துக் காதில் வைத்தார். இந்த முறை எனக்கே கேட்டது: குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிற சத்தம். பேலன்ஸ் அளவுக்கு மீறிச் சுற்றி, அதன் கீழே உள்ள கல் ஊசி ஃபோர்க்கின் வெளிப்புறத்தில் போய் முட்டிக்கொண்டிருந்தது. நின்றுபோன வாட்ச் இப்போது வெறிபிடித்து ஓடியது.

பேரலை (ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பா) திறந்து ஸ்பிரிங்கை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தடித்த ஸ்பிரிங். கல்லைத் தப்பாக ஒட்டியவரோ அவருக்கு அடுத்து வந்தவரோ, வாட்ச் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, பலம் போதவில்லை என்று முரட்டு ஸ்பிரிங்கைத் திணித்திருக்கிறார். “அடைப்பை எடுக்காம தண்ணிய வேகமா விட்ட கதை.” நான் பார்த்த வேறு பழைய வாட்சுகளிலும் இப்படித் தடித்த ஸ்பிரிங் இருந்ததுண்டு. அது முதலிலேயே வந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஸ்பிரிங் டின் வெளியே வந்தது. மைக்ரோமீட்டரில் தடிப்பு பார்த்து, பேரலில் வைத்து அகலம் பார்த்து, ஏதோ ஒரு செத்த வாட்சின் மெல்லிய ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். நான் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) சாப்பிட்டேன். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே விற்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் பர்மாக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

மாலையில் வாட்ச் ஒழுங்காக ஓடியது. டிக்கும் டாக்கும் சமமாக இருக்கிறதா என்று காட்டும் செயலி என் போனில் இருந்தது. போனை வாட்சோடு ஒட்டிவைத்தேன். தெருவில் போன பஸ் ஹாரனையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, இந்த வாட்ச் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் முந்துகிறது என்றது. பாய் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கூலி 15,000 சாட். அப்போது நம் காசுக்கு எழுநூறு ரூபாய்ச் சொச்சம். கூடக் கொடுக்கப் போனதற்குத் திட்டு விழுந்தது. தடித்த ஸ்பிரிங்கை டின்னில் போட்டுக்கொண்டார், யாருக்காவது ஆகுமாம். கிளம்பும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். ஒன்று, சர்வீஸுக்குக் கொடுத்தால் ஃபோர்க்கைப் பெட்ரோலில் கழுவச் சொல்ல வேண்டும், ஸ்பிரிட்டில் ஊறப்போட விடக்கூடாது, அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும். இரண்டு, ஒரு மாதத்துக்கு வேக முள்ளை (உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முள்) தொடக்கூடாது, புது ஸ்பிரிங் படிய வேண்டும்.

மறுநாள் ஷ்வேடகோன் பகோடா, அப்புறம் வட்டப் பாதை ரயில். இரண்டையும் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாட்ச் சட்டைப் பையில் இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது, மேசையில் படுக்க வைத்தால் ஒரு நிமிடம். மாதம் முடிந்த பிறகும் முள்ளை நான் தொடவில்லை.