கோசோவில் உப்பு வாருகிறவர்கள்

பரந்தனில் எங்கள் ஒழுங்கையில் சுவிஸ், கனடா, லண்டன் என்றால் தெரியாதவர்கள் இல்லை. எந்த ஸ்டேசனில் இறங்கி எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லுவார்கள். மால்டா என்றதும் மட்டும் "அது எங்கை பிள்ளை, ஆபிரிக்காவோ?" என்று கேட்டார்கள். கேள்வியில் பெரிய பிழை இல்லை. இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீற்றரில், மத்தியதரைக் கடலுக்கு நடுவே கிடக்கிற நாடு அது. மால்டா, கோசோ, கொமினோ என்ற தீவுகள் எல்லாம் சேர்த்தாலே 316 சதுர கிலோமீற்றர்தான். எங்கள் கிளிநொச்சி மாவட்டத்துக்குள் கிட்டத்தட்ட நாலு மால்டாவை வைக்கலாம்.

அக்கா குடும்பம் சூரிச்சில் இருக்கிறது. சுவிசுக்கு எடுத்த ஷெங்கன் விசாவோடு மால்டாவுக்கும் போகலாம் என்று கண்டுபிடித்தவர் அத்தான். அவருக்கு வேண்டியது வெயிலும் கடலும். அக்காவுக்குக் கோயில், தேவாலயம், இடிந்த கட்டடம் எதுவென்றாலும் சரி. எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரிக்கற் காசு அவர்களுடையது, நான் வாய் திறக்கவில்லை.

தலைநகர் வலேட்டாவில் படம் நன்றாக வரும், ஏற்ற இறக்கத்தில் கால் உளையும். நான் மினக்கெட்டுப் பார்த்தது துறைமுகத்துக்கு மறுகரையில், பிர்கு என்ற ஊரின் பதுங்குகுழிகளை. இரண்டாம் உலகப் போரில், 1940 முதல் 1942 வரை, இத்தாலியும் ஜேர்மனியும் இந்தத் தீவின்மேல் விடாமல் குண்டு போட்டன. சனம் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து நிலத்துக்குக் கீழே போனது. இப்போது அதற்கு ரிக்கற் எடுத்து, தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஒடுங்கின வழி, கசியும் சுவர், ஓரிடத்தில் பிள்ளைப்பேறு பார்க்கவென்றே குடைந்த ஒரு அறை. எங்களோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் மூச்சு முட்டுகிறது என்று பாதியில் ஏறிப் போய்விட்டாள். நான் கூரையைத்தான் பார்த்தேன். பனங்குற்றி அடுக்கி, சேலையை வெட்டித் தைத்த பைகளில் மண் நிரப்பி மூடின பங்கருக்குள் இருந்தவளுக்கு, இந்தக் கல் எத்தனை அடி தடிப்பு என்பதைத் தவிர வேறு கேள்வி வரவில்லை.

மொஸ்டா என்ற ஊரில் ஒரு பெரிய வட்டக் கூரைத் தேவாலயம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி பின்னேரம் ஒரு குண்டு அந்தக் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் சுமார் 300 பேர். குண்டு வெடிக்கவில்லை. அதேமாதிரி ஒரு குண்டை இப்போது அங்கே வைத்துக் காட்டுகிறார்கள். அக்கா உருகிப்போய் மெழுகுதிரி கொளுத்தினா. "வெடிக்காததுகளைத் தேடித்தான் எங்கடை முகமாலைப் பக்கம் இவ்வளவு காலம் மண்ணைக் கிளறினவங்கள்" என்றேன். "இஞ்சை வந்தும் அந்தக் கதையோ" என்றா. சரி, விட்டுவிட்டேன்.

கோசோவுக்கு சிர்கேவா துறையிலிருந்து கப்பலில் 25 நிமிடம். போகும்போது காசு கேட்கவில்லை, திரும்பி வரும்போதுதான் எடுக்கிறார்கள். தீவை விட்டு எப்படியும் வெளிக்கிட வேண்டியவரிடம் காசு வாங்குவது நல்ல யோசனைதான்!

ஷாரா ஊரில் ஜ்கன்தியா என்ற கற்கோயில்கள் நிற்கின்றன. கி.மு. 3600 அளவில் தொடங்கியவை, எகிப்துப் பிரமிட்டுகளுக்கும் மூத்தவை. சில கற்கள் ஐம்பது தொன்னுக்கு மேலாம். கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அரக்கிதான் இவற்றைத் தூக்கி வைத்தாள் என்பது ஊர்க்கதை. கட்டியது பெண் என்று சொல்லுகிற கதை எனக்குப் பிடித்துக்கொண்டது. நடுத்தீவில் உள்ள சித்தடெல்லா கோட்டையின் கதை வேறு. 1551இல் ஒட்டோமன் படை வந்து, கோட்டைக்குள் ஒதுங்கியிருந்த ஏறத்தாழ 5000 பேரை அடிமைகளாகக் கொண்டுபோனது. அத்தோடு தீவே வெறிச்சோடிவிட்டது.

கடற்கரைக்கு ரம்லா. மணல் உண்மையிலேயே செம்மஞ்சள் நிறம். கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் கால்விரல் தெரிகிறது. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. முல்லைத்தீவுக் கடலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது குளம். அத்தானும் பிள்ளைகளும் பொழுதுசாயும்வரை ஏறவில்லை. மேற்குக் கரையில் நீல ஜன்னல் என்று ஒரு கல்வளைவு இருந்தது. 2017 மார்ச் 8ஆம் திகதி புயலில் அது கடலுக்குள் விழுந்துவிட்டது. ஆனாலும் அது இல்லாத இடத்தைப் பார்க்கச் சனம் பஸ்ஸில் வந்து இறங்குகிறது, நாங்களும் இறங்கினோம்.

எனக்கான இடம் வடகரையில் இருந்தது. மர்சல்ஃபோர்ன் தாண்டி ஷ்வெய்னி விரிகுடாவில் தொடங்கி, ஏறத்தாழ மூன்று கிலோமீற்றருக்குக் கரைப்பாறை முழுக்க உப்புப் பாத்திகள். "ஆனையிறவில பாக்காத உப்போ? இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனி?" என்று அக்கா கேட்டா. ஆனையிறவு உப்பளத்தில்தான் அப்பா வேலை செய்தவர், 1990இல் சண்டையோடு அது நிற்கும்வரை. அதனால்தான் வந்தேன்.

அங்கே மண்ணே இல்லை. மெத்தென்ற மஞ்சள் பாறையில் சதுரம் சதுரமாகச் செதுக்கி, இடையில் விரல் தடிப்புக்கு வரம்பு விட்டிருக்கிறார்கள். முதலில் கடல்நீரை ஆழமான குழிகளில் நிறைத்துச் சூடேற விடுகிறார்கள். பிறகு ஆழமில்லாத பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். ஒரு கிழமை நல்ல வெயில் கிடைத்தால் அடியில் உப்புப் படியும். நாங்கள் போன நேரம் ஒரு வயதானவர் முழங்காலளவு சப்பாத்தோடு நின்று, நீளமான தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. மூலையிலிருந்து நடுவுக்கு இழுக்கிறார், குவிக்கிறார், தண்ணீர் வடிய விடுகிறார். பிறகு வாளியில் அள்ளிக் கொண்டுபோய், பக்கத்துப் பாறையில் குடைந்த களஞ்சியத்துக்குள் கொட்டுகிறார். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் செய்துவருகிற தொழில். வேலை கோடையில் மட்டும், அதிலும் ஒரு மழை வந்தால் அத்தனையும் கரைந்துபோகும். ஆனையிறவில் தரை களி. மண் கலக்காமல் மேலால் வாருகிற கைதான் கை என்று அப்பா சொல்லுவார். இங்கே அந்தக் கவலை இல்லை, ஆனால் இவ்வளவு பாறையை உளியால் வெட்டியவனின் கை என்ன பாடுபட்டிருக்கும்.

18ஆம் நூற்றாண்டில் மணிக்கூடு செய்கிற ஒருவன் குன்றின் உச்சியில் பாத்தி வெட்டி, கீழே இருந்த கடற்குகைவரை துளை போட்டுத் தண்ணீர் இறைத்தானாம். பாறை தண்ணீரைக் குடித்துவிட்டது. மாரியில் கடல் அந்தத் துளை வழியே சீறி ஏறி, சுற்றியிருந்த தோட்டங்களை எல்லாம் உப்பாக்கிவிட்டது. கமக்காரர்கள் நட்டஈடு கேட்டுப் போனார்கள் என்று கதை.

அத்தான் அதுவரை காரில் இருந்தவர், இறங்கி வந்து வடக்கே பார்த்தார். "இதுக்கு அங்காலைதான் அந்தப் படகு" என்றார். 1996 நத்தார் இரவு, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில், களவாக இத்தாலிக்குப் போகவென்று பெரிய கப்பலிலிருந்து எஃப் 174 என்ற சின்னப் படகுக்கு மாற்றப்பட்டவர்களில் குறைந்தது 283 பேர் மூழ்கிப்போனார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், எங்கள் ஆட்கள். படகு வெளிக்கிட்டது மால்டாவிலிருந்து. தப்பியவர்கள் சொன்னதைப் பெரிதாக ஒருவரும் எடுக்கவில்லை. மீன்வலையில் ஒரு தமிழ்ப் பொடியனின் அடையாள அட்டை வந்தது. அதற்குப் பிறகு, 2001இல்தான், கடலடியில் படகைக் கண்டு படம் எடுத்தார்கள். அத்தானும் அந்தக் காலத்தில் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவர், வேறு பாதையால். "எனக்கும் கப்பல் எண்டுதான் முதலில சொன்னவன்" என்றார். அக்காவுக்கே அது புதுச் செய்தி. "ஏனப்பா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று தொடங்கியவ, விடுதிக்குப் போய்ச் சேரும்வரை விடவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: ஆடி, ஆவணியில் என்றால் உப்புப் பாத்திக்குக் காலையிலேயே போங்கள், நிழல் கிடையாது. பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், அது அவர்களின் சோறு. வழியோரம் பை பையாக விற்கிறார்கள், அங்கேயே வாங்குங்கள்.

நான் வாங்கிய பையை அப்பா உள்ளங்கையில் கொட்டி, விரலால் நசித்துப் பார்த்தார். "நல்லாக் காய்ஞ்சிருக்கு" என்றார். பிறகு விலை கேட்டார். சொன்னேன். கணக்குப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். மிச்சத்தை அம்மா மோர்மிளகாய்க்குப் போட்டுவிட்டா.