நெட் கணிதத் தேர்வும் 2147483647 என்ற பகா எண்ணும்

மதுரை நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வாகிய சி.எஸ்.ஐ.ஆர். நெட் கணிதத் தேர்வுக்குப் படித்தவள் நான். நம்பர் தியரியை, அதாவது எண் கோட்பாட்டை, எப்படிப் படிப்பது என்று அங்கு வரும் தம்பி தங்கைகள் கேட்பதால் இதை எழுதுகிறேன். தேற்றங்களை வரிசையாக மனப்பாடம் செய்யாமல், பெரிய பகா எண் ஒன்றை எடுத்துக்கொண்டு, படிக்கும் ஒவ்வொரு தேற்றத்தையும் அதில் போட்டுப் பார்ப்பதே எனக்குக் கைகொடுத்தது. நான் எடுத்துக்கொண்டது 2³¹ − 1, அதாவது 2147483647. 7, 11 போன்ற சிறிய எண்களில் விரல்விட்டு எண்ணியே விடை கண்டுவிடலாம். பத்து இலக்க எண்ணிலோ தேற்றத்தை விட்டால் வேறு வழியில்லை.

இது பகா எண்தான் என்று 1772இல் கணித மேதை ஆய்லர் நிறுவினார். அந்த வழியை நோட்டில் நீங்களே எழுதிப் பாருங்கள். இதன் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரையுள்ள பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல். அவற்றுள் ஒன்று இதை வகுக்கிறது என்று கொண்டால், அந்த மோட்டில், அதாவது அதனால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில், 2இன் ஆர்டர் (மீதி 1 வரும் முதல் அடுக்கு) 31 ஆகும். எனவே ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அந்தப் பகா எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால் 31ஆல் வகுபடும்; அது ஒற்றைப்படை எண் என்பதால், அதை 62ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். மேலும் 2³² என்பது அதே மோட்டில் 2க்குச் சமமாவதால் 2 ஒரு வர்க்கம் (2¹⁶இன் வர்க்கம்). ஆகவே அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களே மிஞ்சுகின்றன. அவை மொத்தம் 373. அவற்றிலும் பகு எண்களை நீக்கிவிடலாம். முதலில் வரும் பகா எண் 311. நம் எண்ணை அதனால் வகுத்தால் மீதி 35. இப்படி மிஞ்சியவற்றில் எதுவுமே வகுக்காததால் நம் எண் பகா எண். ஆர்டர் என்பது எதற்குப் பயன்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் கண்டதில்லை.

அடுத்து, நம் எண்ணிலிருந்து 1ஐக் கழித்துக் காரணிப்படுத்துங்கள். கிடைப்பது 2 × (2³⁰ − 1). இதில் 2³⁰ − 1 என்பது 32767 × 32769 ஆகப் பிரியும் என்பதால் இது கையாலேயே முடியும்: 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. சரியான விடைகள் அனைத்தையும் குறித்தால்தான் மதிப்பெண் என்றிருக்கும் ‘சி’ பகுதிக்கு இந்த ஒரு வரி பெருந்துணை. இதில் 5 இல்லாததால், நம் எண்ணின் மோட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஐந்தாம் படிமூலம் ஒன்றே ஒன்று உண்டு. 7 இருப்பதால், ஏழாம் அடுக்கு 1 ஆகும் எண்கள் சரியாக ஏழு. ஆர்டர் 31 கொண்டவை 2, 4, 8 என 2³⁰ வரையுள்ள முப்பது மட்டுமே. பிரிமிட்டிவ் ரூட்டுகள், அதாவது தம் அடுக்குகளாலேயே 0 தவிர்த்த எல்லா மீதிகளையும் தரும் எண்கள், 534600000. அவற்றுள் 7ம் ஒன்று.

ஆனால் 4ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால், −1 வர்க்கமாகும் நிலையை இந்த எண்ணில் காண முடியாது. அதற்கு 65537 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 256இன் வர்க்கம் −1 ஆகிறது, வர்க்கமல்லாத ஒவ்வோர் எண்ணும் பிரிமிட்டிவ் ரூட்டாகவே அமைகிறது.