எஸ்எஸ்டி நல்லதுதான், கேபிள்தான் கழுத்தறுத்தது

போர்ட்டபிள் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் வேலையையே அதைவிட வேகமாகச் செய்யும் கையடக்க டிரைவ்) வாங்கும்போது, பெட்டிக்குள் வராத கேபிளைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் அப்படியே பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அங்கேயே மாட்டி, பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி போட்டுப் பார்த்த பிறகு காசை எடுங்கள். நான் பட்ட பாடு முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தால்தான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

தர்மபுரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கேமராவில் 4கே, 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். ரெண்டு கேமரா, முதல் நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்று சேர்ந்தால் ஒரு கல்யாணம் 400 ஜிபி. பழைய ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்ததும், தை மாதத்துக்குள் 2 டிபி எஸ்எஸ்டிக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எந்த டிரைவ் என்று பார்க்கப் போனால் முதலில் தலை சுற்ற வைப்பது பெயர்கள். 2008-ல் யூஎஸ்பி 3.0 என்று வந்ததைப் பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள், அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒன்றேதான், 5 ஜிபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 5 கிகாபிட். 3.2 ஜென் 2 என்றால் 10. ஜென் 2x2 என்றால் 20. ஆக, பெட்டியில் 'யூஎஸ்பி 3.2' என்று மட்டும் போட்டிருந்தால் அதிலிருந்து ஒன்றுமே தெரியாது. இந்தக் குழப்பத்தைப் பார்த்து, பெயரை விட்டுவிட்டு '10 ஜிபிபிஎஸ்' என்று வேகத்தையே எழுதுங்கள் என்று யூஎஸ்பி அமைப்பே 2022-ல் சொல்லிவிட்டது. பல பெட்டிகளில் இன்னும் பழைய பாட்டுதான்.

கையில் கிடைக்கும் வேகம் தோராயமாக இப்படி: யூஎஸ்பி 2.0 என்றால் வினாடிக்கு 40 எம்பி, 5 ஜிபிபிஎஸ் என்றால் 400 முதல் 450, 10 ஜிபிபிஎஸ் என்றால் 1000-ஐ ஒட்டி. டிரைவ், கேபிள், போர்ட் மூன்றில் எது மட்டமோ அதன் வேகம்தான் மொத்தத்துக்கும். நாலுவழிச் சாலையில் பறந்து வந்தாலும் தொப்பூர் கணவாயில் லாரி பின்னால்தானே ஊர்ந்தாக வேண்டும்.

என் டெஸ்க்டாப் பழசு. பின்பக்கம் நீல நிற போர்ட்டுகள், 5 ஜிபிபிஎஸ். லேப்டாப்பில் ஒரு டைப்-சி, 10 ஜிபிபிஎஸ். அதனால் 10 ஜிபிபிஎஸ் டிரைவ் போதும் என்று தெளிவாகவே இருந்தேன். சாம்சங் டி7 போல 1050 எம்பி என்று போட்டு வரும் வகை. கடைக்காரர்கள்தான் தெளிவாக இல்லை.

நாலு ரோடு பக்கம் ஒரு கடையில், "இது ஜென் 1-ஆ, ஜென் 2-வா தம்பி?" என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாமே லேட்டஸ்ட்தான்ணா, ஃபுல் ஸ்பீடு" என்றான். பின்பக்கம் பொடி எழுத்தில் 540 எம்பி என்று இருந்தது. அதைக் காட்டினால், "அது கம்பெனிக்காரன் சும்மா போடறதுணா." கம்பெனிக்காரன் சும்மா போடுவதாக இருந்தால் கூட்டித்தானே போடுவான், குறைத்தா போடுவான்?

கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். மாடல் பெயர், 2 டிபி, எல்லாம் சொன்னேன். "இருக்கு சார், வாங்க" என்றார்கள். பஸ் ஏறிப் போய் நின்றால் நான் கேட்ட மாடல் இல்லை. அதைவிட விலை கூடின ஜென் 2x2 மாடலை எடுத்து வைக்கிறார். "ரெண்டாயிரம் எம்பி ஓடும் சார், இதுதான் இப்ப மூவிங்."

ஓடும்தான், 2x2 இருக்கிற போர்ட்டில். என் லேப்டாப்பில் அது இல்லை. பெரும்பாலான லேப்டாப்பில் இல்லை, எம்1, எம்2 மேக்புக்கிலும் இல்லை. டைப்-சி போலவே இருக்கும் தண்டர்போல்ட் போர்ட் 40 ஜிபிபிஎஸ் என்று இருந்தாலும், 2x2 டிரைவை அதில் மாட்டினால் பல சமயம் 10-க்கு இறங்கிவிடும். கூடுதல் காசு தண்டம். இதைச் சொன்னதற்கு அவர் தந்த பதில்: "விண்டோஸ் அப்டேட் போட்டா வந்துரும் சார்." போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற சிப்பில் இல்லாத வேகம் அப்டேட்டில் எங்கிருந்து வரும்? டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். ஸ்டாக் இருக்கிறது என்று போனில் சொன்னால், பெட்டியை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் கிளம்புங்கள், வராவிட்டால் வீட்டில் இருங்கள்.

கடைசியில் தர்மபுரியிலேயே வேறொரு கடையில் சரியான மாடல் கிடைத்தது. சீல் பிரிக்காத பெட்டி, ஜிஎஸ்டி பில், டிரைவின் முதுகில் இருந்த சீரியல் நம்பரும் பெட்டியில் இருந்ததும் ஒன்று. பெட்டிக்குள் இருந்தது சி-டு-சி கேபிள் (இரண்டு முனையும் டைப்-சி) மட்டும். டெஸ்க்டாப்பில் டைப்-சி கிடையாது, அகலமான பழைய டைப்-ஏ போர்ட்தான் என்றேன். கவுண்டரில் இருந்த பையன் பின்னால் தொங்கிய கொத்திலிருந்து ஒன்றை உருவி, "இந்தாங்கணா, ஏ-டு-சி. இதுவும் அதேதான்" என்று கொடுத்தான். தனிக் காசும் வாங்கிக்கொண்டான். பில்லில் அது ஏறவில்லை. பின்னால் அதுவே வினையாக வந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் 40 எம்பி. 400 ஜிபி காப்பிக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் காட்டுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கே அதே போர்ட்டில் 100-ஐத் தாண்டிப் போகும்.

கடையில் போய்ச் சொன்னேன்.

"உங்க சிஸ்டம் பழசுணா, அதான் ஸ்லோ."

"இதே சிஸ்டத்துல பழைய ஹார்ட் டிஸ்க் இதைவிட ரெண்டு மடங்கு போகுது தம்பி."

"அப்ப டிரைவ்ல கம்ப்ளெயிண்டா இருக்கும். அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, கஸ்டமர் கேருக்குப் பேசுங்க."

கஸ்டமர் கேரில் ஃபார்மேட் பண்ணிப் பாருங்கள், வேறு கம்ப்யூட்டரில் பாருங்கள், அப்புறம் கூரியரில் அனுப்புங்கள், உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வரிசையாக ஒப்பித்தார்கள். கேபிள் எது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று ராத்திரி யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கிப் பார்த்தேன். எந்த போர்ட்டில் எது என்ன வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்று அது காட்டும். எஸ்எஸ்டிக்கு நேராக 'ஹை-ஸ்பீடு' என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யூஎஸ்பி கணக்கில் அது பழைய 2.0, 480 எம்பிபிஎஸ். 'சூப்பர்ஸ்பீடு' என்று வந்திருக்க வேண்டும். டிரைவையும் பெட்டியோடு வந்த கேபிளையும் லேப்டாப்பில் மாட்டினேன். 900-க்கு மேல் பாய்ந்தது. அப்படியானால் டிரைவ் சுத்தம்.

கடைக்காரப் பையன் கொடுத்த கேபிளின் ஏ முனையை டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தட்டையாக நான்கு தகடு, அவ்வளவுதான். யூஎஸ்பி 3 கேபிள் என்றால் அந்த நான்குக்குப் பின்னால், உள்ளே தள்ளி, பொடிப்பொடியாக இன்னும் ஐந்து தெரியும். அவன் கொடுத்தது போன் சார்ஜர் கேபிள். 65 வாட், 100 வாட் என்று தடிமனாக இருந்தாலும் டேட்டாவுக்கு 2.0 கம்பிகள் மட்டும் இருக்கிற கேபிள்கள் கடை முழுக்கத் தொங்குகின்றன. வாட் வேறு, டேட்டா வேகம் வேறு.

மறுபடியும் கடை. இந்தத் தடவை பையனிடம் பேசவில்லை, முதலாளி இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். "கேபிளுக்கு பில் இல்லையே சார்" என்று அவர் ஆரம்பித்தார். "பில் கிடக்கட்டும் சார், உங்க கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாருங்க" என்றேன். பில் போடும் கம்ப்யூட்டரின் நீல போர்ட்டில் அவர்கள் கேபிளை மாட்டி 10 ஜிபி ஃபைல் ஒன்றை இழுத்துவிட்டோம். 38, 39 என்று நொண்டியது. பக்கத்தில் நின்ற ஒருவர் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்குக் கேபிள் வாங்க வந்தவர், வீட்டிலிருந்து எடுத்து வந்த நல்ல ஏ-டு-சி கேபிள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்கி மாட்டினோம். 400-க்கு மேல் ஏறியது. முதலாளி திரையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், டிராயரைத் திறந்து காசைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஒன்று சொன்னார்: "ஸ்பீடு கேட்டு கேபிள் வாங்கற ஆளே இங்க இல்ல சார், அதான் ஸ்டாக் வைக்கறதில்ல." நியாயமான பதில்தான். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

10 ஜிபிபிஎஸ் என்று தெளிவாக அச்சடித்த ஏ-டு-சி கேபிளை ஆன்லைனில் வரவழைத்தேன். அரை மீட்டர் நீளம். நீளக் கேபிள் வசதிதான், ஆனால் இந்த வேகத்துக்குக் குட்டைக் கேபிள்தான் நம்பகம்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் மாட்டினால் பாதிக் காப்பியில் 'டொய்ங்' என்று டிரைவ் காணாமல் போகிறது. பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. முன்பக்க போர்ட் உள்ளே ஒரு வயர் வழியாக வருகிறது, மலிவுக் கேபினட்டில் அந்த வயர் மட்டம். டிரைவ் கெட்டுவிட்டது என்று பயப்படுவதற்கு முன் பின்பக்கம் மாட்டிப் பாருங்கள். இன்னொன்று, ஏ முனையை மெதுவாகச் சொருகினால் முன்னால் இருக்கிற நான்கு தகடு முதலில் தொட்டு, சில கம்ப்யூட்டர்கள் அதை 2.0 என்றே எடுத்துக்கொள்ளும். வேகம் குறைவாக இருந்தால் பிடுங்கிவிட்டு ஒரே அழுத்தாக அழுத்திச் சொருகுங்கள்.

லேப்டாப்பில் டைப்-சி ஹப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அதே ஹப்பில் 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால், சில ஹப்புகளில் யூஎஸ்பி போர்ட்டெல்லாம் 2.0-க்கு இறங்கிவிடும். டேட்டாவுக்கான கம்பிகளைப் படம் எடுத்துக்கொள்கிறது. காப்பி போடும்போது டிரைவை ஹப்பில் போடாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுங்கள்.

கேமரா கார்டிலிருந்து இறக்கும்போது 900 வரவில்லை என்று யாரும் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சாதாரண யூஎச்எஸ்-1 கார்டு பெரும்பாலும் 100-ஐ ஒட்டித்தான் தரும். அங்கே கார்டுதான் தடை.

மலிவான சில எஸ்எஸ்டிகளில் இன்னொரு விளையாட்டு உண்டு. முதல் சில பத்து ஜிபி பறக்கும், பிறகு திடீரென்று ஹார்ட் டிஸ்க் வேகத்துக்குக் கீழே விழும். க்யூஎல்சி வகையில் (ஒரு மெமரி செல்லில் நான்கு பிட் அடைப்பது) இது அதிகம்: வேகமான ஒரு பகுதியில் முதலில் எழுதிக்கொள்கிறது, அது நிரம்பியதும் மூச்சு வாங்குகிறது. ஆபீஸ் ஃபைல் வைப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரே மூச்சில் 400 ஜிபி தள்ளுகிற என் மாதிரி ஆட்களுக்கு செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகைதான் சரி. பெட்டியில் இதைப் பெரும்பாலும் போடுவதில்லை, மாடல் பெயரை வைத்துத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஐபோனில் எடுப்பவர்கள் இப்போது அதிகம். 15 ப்ரோவில் நேராக எஸ்எஸ்டிக்கு ப்ரோரெஸ் (எடிட்டிங்குக்கான ஆப்பிளின் வீடியோ வடிவம், ஃபைல் பெரிதாக வரும்) பதிவு செய்யலாம். டிரைவ் வினாடிக்கு 220 எம்பியாவது எழுத வேண்டும், 4.5 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, கேபிள் 10 ஜிபிபிஎஸ் ஆக இருக்க வேண்டும். போன் பெட்டியில் வரும் வெள்ளைக் கேபிள் 2.0தான், அதில் நடக்காது. ப்ரோ இல்லாத சாதா 15-ல் போர்ட்டே 2.0 வேகம்.

டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தேன், விண்டோஸ், மேக் ரெண்டிலும் எழுதலாம். கல்யாண வீட்டாருக்குக் கொடுக்கும் பென் டிரைவ் மட்டும் இன்னும் ஃபேட்32தான், ஏனென்றால் பழைய டிவிகள் வேறு எதையும் தொடாது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதால் முகூர்த்தத்தை இரண்டாக வெட்டித்தான் கொடுக்கிறேன்.

கடைசியாக, பாலக்கோட்டில் நம்ம தொழில்காரர் ஒருவர் 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு வாங்கிவிட்டு, "நீ ஏன்பா 2 டிபிக்கு இவ்வளவு அழுத?" என்று என்னைக் கேட்டார். கம்ப்யூட்டரில் மாட்டினால் 16 டிபி என்றே காட்டியது. பிரித்துப் பார்த்தால் சின்ன போர்டு ஒன்றில் மெமரி கார்டு ஒட்டியிருந்தது. அளவைப் பொய்யாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் மேலே எழுதுவதெல்லாம் காற்றில் போகும், ஃபைல் பெயர் மட்டும் இருக்கும். யாரிடம் எந்த டிரைவ் வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு முழு டிரைவையும் எழுதி, திரும்பப் படிக்க விடுங்கள். 2 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். காலி டிரைவில் செய்யுங்கள், திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் செய்யுங்கள். அவருக்கு அந்தக் கெடு முந்தின வாரமே முடிந்திருந்தது.