சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் எம்.டி.ஏ. அளக்கப் போகிறீர்களா?

ஆய்வேட்டுக்காகச் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது ஃப்ரீ ராடிக்கல் எனும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள் உடலின் தடுப்புத் திறனை மிஞ்சிச் செல்களைச் சிதைக்கும் நிலையை, அளந்து ஒரு வழியாக முடித்துவிட்டேன். சோதனை சுலபம்தான், ரத்தம் எடுத்ததிலிருந்து பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய திரவப் பகுதியை) பிரித்து உறைய வைக்கிற வரைக்கும்தான் பாடாய்ப் படுத்தும்.

ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டான வேகத்திலேயே மறைந்துவிடுவதால் அவை விட்டுப்போன தடயத்தைத்தான் அளக்கிறோம். நான் எடுத்துக்கொண்டது, கொழுப்பு சிதைந்து உண்டாகும் மாலோண்டயால்டிஹைடு, சுருக்கமாக எம்.டி.ஏ. தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து 95 டிகிரியில் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும், 532 நானோமீட்டரில் ரீடிங், அவ்வளவுதான்.

ஒரு நாள், சர்க்கரையே இல்லாத ஒருவருக்கு நோயாளிகளைவிட அதிக மதிப்பு வந்து நின்றது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய பிளாஸ்மா ரோஸ் கலரில் இருக்கிறது. நரம்பு சரியாகக் கிடைக்காமல் சிரிஞ்சை வேகமாக இழுத்ததில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும், போதாததற்கு அதிலுள்ள இரும்பு சூட்டில் கொழுப்பை இன்னும் சிதைக்கும். அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுத்தோம். குழாயிலேயே ஆக்சிஜனேற்றம் தொடராமல் இருக்க பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்ப்பதும் முக்கியம்.

இன்னொரு சிக்கல், இந்த அமிலம் எம்.டி.ஏ.வோடு மட்டும் வினைபுரிவதில்லை, பிலிருபினோடும் சில சர்க்கரைகளோடும் கூடப் புரியும், நாம் அளப்பதோ சர்க்கரை நோயாளிகளை! அதனால் ஆய்வேட்டில் 'எம்.டி.ஏ.' என்று அடித்துச் சொல்லாமல் 'தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு வினைபுரியும் பொருட்கள்' என்றே எழுதினேன். நீளம்தான், ஆனால் நேர்மையானது.

செல்களில் இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானான குளூட்டதையோனையும் அளந்தேன், அவர் இன்னும் அவசரக்காரர். ரத்தம் எடுத்த கையோடு அமிலம் சேர்த்துப் புரதத்தைப் படியவைக்காவிட்டால் ஆக்சிஜனேறிவிடும், அதனால் ஐஸ் பெட்டியோடு நோயாளியின் பக்கத்திலேயே நின்றேன்.

கடைசியில் வழிகாட்டி மொத்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனையும் பார்க்கச் சொன்னார். ஃப்ராப் முறையில் (பிளாஸ்மா இரும்பு அயனியை எவ்வளவு ஒடுக்குகிறது என்று அளப்பது) பார்த்தால், தடுப்புத் திறன் அதிகம் என்று முதல் வரிசையில் நின்றது சிறுநீரகம் பழுதானவர்களில் சிலர்தான்! யூரிக் அமிலம் செய்யும் வேலை அது. பிளாஸ்மாவில் ஃப்ராப் மதிப்பின் பெரும்பங்கு அதனுடையதுதான், சிறுநீரகம் வடிகட்டாதபோது அது ரத்தத்தில் தேங்கிவிடும். யூரிக் அமிலமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் கூடவே அளந்திருந்ததால் பிழைத்தேன். புகைப்பவரா, வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் முதல் நாளே படிவத்தில் கேட்டுவிடுங்கள், பிறகு போன் போட்டுக் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது.