பியானோ பழக முதல் கீபோர்டு: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

தங்கை மகள் பியானோ வகுப்பில் சேர்ந்ததிலிருந்து, எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் எந்தக் கீபோர்டை வாங்குவது என்பதே பேச்சாக இருந்தது. கடையில் விலை குறைந்த ஒன்றை எடுத்து வைத்த விற்பனையாளர், "இதுல 400 டோன் இருக்கு மேடம், 77 ரிதம் இருக்கு" என்று தொடங்கினார். டோன் என்பது ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலி, ரிதம் என்பது பின்னால் தானாக ஒலிக்கும் தாளம். பியானோ பழகும் பிள்ளைக்கு அந்த நானூறில் வேண்டியது பியானோ என்ற ஒரே ஒரு டோன்தான்.

நான் முதலில் கேட்டது டச் ரெஸ்பான்ஸ் உண்டா என்பதையே. மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலியும், வேகமாக அழுத்தினால் பலத்த ஒலியும் வருவதற்குப் பெயர் அது. இவ்வகைக் கருவியில் விரலால் அழுத்தும் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதற்புள்ளி பட்டதற்கும் இரண்டாம் புள்ளி படுவதற்கும் இடையில் ஆகும் நேரத்தைக் கருவி அளந்து, அதற்கேற்ப ஒலியைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது. 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய பியானோவின் புதுமையே விரலின் விசைக்கேற்ப ஒலி மாறியதுதான். ஆகவே இவ்வசதி இல்லாத கருவியில் ஓராண்டு பழகிய பிள்ளை, சுரங்களின் இடத்தை அறிந்திருக்குமே தவிர, பியானோவைத் தொடக் கற்றிருக்காது. யமஹா பிஎஸ்ஆர்-எஃப்52, கேசியோ சிடி-எஸ்200 ஆகியவற்றில் இது இல்லை. பிஎஸ்ஆர்-இ373, சிடி-எஸ்300 ஆகியவற்றில் உண்டு. அந்த விலை வேறுபாட்டைத் தயங்காமல் கொடுக்கலாம்.

கட்டைகள் முழு அளவில் இருப்பதும் கட்டாயம். பியானோவில் ஒரு ஆக்டேவின், அதாவது ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையான தூரத்தின், அகலம் ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர், சின்னக் கட்டை வைத்த மலிவுக் கருவியில் பழகிய கைக்கு அந்தத் தூரம் பிடிபடாது.

பியானோவுக்கு 88 கட்டைகள் இருக்க, 61 போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஐந்து ஆக்டேவுக்குள் தொடக்கநிலைப் பாடங்கள் அடங்கிவிடும். நிஜப் பியானோவைப் போல அழுத்தக் கனமான கட்டைகளோடு வரும் 88 கட்டை டிஜிட்டல் பியானோ நிச்சயம் மேலானதே. ஆயினும் அதன் விலை பல மடங்கு, நீளமும் நான்கு அடிக்கு மேல். ஒண்டுக்குடித்தன வீட்டில் அதை வைத்தால் கட்டிலை எங்கே போடுவது?

வாங்குவதற்கு முன் ஆசிரியரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ராயபுரம், பெரம்பூர் பக்கம் கற்றுத்தருபவர்களில் பலர் தேவாலயப் பாடகர் குழுவிலோ மெல்லிசைக் கச்சேரியிலோ வாசிப்பவர்கள். வலக்கையில் மெட்டு, இடக்கையில் கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது), பின்னால் ரிதம் என்பது அவர்கள் முறை. அது கீபோர்டு வாசிப்பு. நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். பியானோவிலோ இரு கைகளும் தனித்தனி வரிகளை வாசிக்கப் பழக வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வுகளிலும் பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் வெவ்வேறு பாடத்திட்டங்களே உள்ளன.

பழையது வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் கடற்காற்றும் லாரிப் புழுதியும் உள்ள நம் பகுதியில் நன்கு சோதித்தே வாங்க வேண்டும். இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை, கருப்புக் கட்டைகளையும் விடாமல், ஒரே விசையில் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கருவியில் எல்லாம் சீராக ஒலித்துவர, நடுவில் ஒரு கட்டை மட்டும் மெல்லத் தொட்டாலும் அலறியது. தொடுபுள்ளியில் அழுக்குப் படிந்தால் இப்படி அலறும், அல்லது ஊமையாகிவிடும். பெரும்பாலும் கழற்றித் துடைத்தால் சரியாகும் என்பதால், அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். அடாப்டர் இல்லாமல் விற்றால், கருவியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவையும், முனையின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் குறியையும் படம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துவதையே எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்க வேண்டும். செருகுவதற்குப் பொருந்துகிறதே என்று எதையாவது மாட்டினால் உள்ளே சர்க்யூட் போர்டு போய்விடும்.

கடைசியில் நாங்கள் வாங்கியதும் டச் ரெஸ்பான்ஸ் உள்ள பழைய கருவிதான். மிச்சப்பட்ட பணத்தில், கட்டையை விட்ட பிறகும் ஒலியை நீட்டிக்கக் காலால் அழுத்தும் சஸ்டெயின் பெடலும், உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டும், பக்கத்து வீட்டாருக்காக ஒரு ஹெட்போனும் வாங்கிவிட்டோம்.