நட்சத்திரம் விழாத வரி

இரத்த உறைதல் சோதனைகளைச் செய்யும் ஆய்வகத்தில் சில காலம் உட்கார்ந்தால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அறிக்கையில் நட்சத்திரக் குறி விழுந்த வரியைத்தான் கண் முதலில் தேடும். இயல்பு எல்லையை மீறிய எண்ணுக்குக் கணினியே நட்சத்திரம் போட்டுத் தருவதால் வேலையும் சுலபம். பிரசவ அறையிலிருந்து வரும் மாதிரிகளிடம் மட்டும் இந்தப் பழக்கம் செல்லாது. அங்கே நட்சத்திரம் பல சமயம் தேவையற்ற வரியில் விழுகிறது, விழ வேண்டிய வரியில் விழுவதில்லை.

டி-டைமர் தேவையற்ற வரிக்கு நல்ல உதாரணம். உறைந்த இரத்தத்தின் ஃபைப்ரின் நார்களைப் பிளாஸ்மின் என்ற நொதி அறுக்கும்போது சிதறுகிற துணுக்கு அது. கர்ப்பிணி அல்லாதவருக்கு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் என்பது வழக்கமான எல்லை. கர்ப்பத்தில் மாதம் ஏற ஏற இதுவும் ஏறும். கடைசி மூன்று மாதங்களில், நோய் எதுவும் இல்லாத பெண்களிலேயே பெரும்பாலோர் 500-ஐத் தாண்டிவிடுகிறார்கள். அறிக்கையைக் கையில் வாங்கிய குடும்பம் நட்சத்திரத்தைப் பார்த்துப் பதறுவது அநேகமாக இந்த வரிக்காகத்தான்.

அதற்காக டி-டைமர் பயனற்றது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கர்ப்பிணிகளுக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று சந்தேகம் வரும்போது அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காலில் கட்டிக்கான அறிகுறி, இருமலில் இரத்தம், நுரையீரல் கட்டியாகத்தான் இருக்கும் என்ற மருத்துவரின் கணிப்பு ஆகிய மூன்றும் இல்லையென்றால், டி-டைமர் 1000-க்குக் கீழே இருக்கும்வரை கட்டி இல்லை என்று கொள்ளலாம். ஒன்று இருந்தாலும் எல்லை 500 தான். நோயாளியைப் பார்க்காமல் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. (இதில் அலகுக் குழப்பம் வேறு. டி-டைமருக்கு இரண்டு அலகுகள் புழக்கத்தில் உண்டு; அதே இரத்த மாதிரியின் அளவை ஓர் அலகில் சொன்னால் மற்ற அலகில் சொல்வதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வரும். அலகைக் கேட்காமல் எண்ணை மட்டும் தொலைபேசியில் குறித்துக்கொள்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.)

என்னை உண்மையில் நாற்காலி நுனிக்குக் கொண்டுவருவது ஃபைப்ரினோஜன், அதாவது இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் நாராக மாறும் புரதம். அறிக்கையில் அச்சாகும் இயல்பு அளவு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். பிரசவம் நெருங்கும் பெண்ணுக்கு அது 400-லிருந்து 600 வரை இருப்பது சாதாரணம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடம் அடைபட வேண்டும் என்பதற்காக உடல் முன்கூட்டியே சேர்த்துவைக்கிற இருப்பு இது. குழந்தை பிறந்த பின் இரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணின் ஃபைப்ரினோஜன் 210 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது இயல்பு. நட்சத்திரம் கிடையாது. அவருடைய இருப்பில் பாதிக்கு மேல் போய்விட்டிருக்கலாம் என்பதைக் கணினி அறியாது. 2007-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், இரத்தப்போக்கின் தொடக்கத்திலேயே 200-க்குக் கீழே இறங்கியிருந்த பெண்கள் எல்லோருக்கும் அது கடுமையாக முற்றியது. இரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கும் புரோத்ராம்பின் நேரமோ அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

குறைந்த எண் வந்தவுடன் நான் செய்வது குழாயைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. நீல மூடிக் குழாயில், உறையாமல் தடுக்கும் சோடியம் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு இரத்தம், கோடு வரை நிறைந்திருக்க வேண்டும். பிரசவ அறையின் அவசரத்தில் சிரிஞ்சில் மெதுவாக இழுத்து, தாமதமாகக் குழாயில் விட்டிருந்தால் உள்ளேயே ஒரு கட்டி உருவாகியிருக்கும். மெல்லிய மரக்குச்சியை விட்டுச் சுழற்றினால் கருஞ்சிவப்பாய் ஓர் இழை ஒட்டிக்கொண்டு வரும். ஃபைப்ரினோஜன் அந்த இழையில் செலவாகிவிட்டதா, அந்தப் பெண்ணின் உடலிலா? குழாய்க்கு அது தெரியாது. மறு மாதிரி கேட்கும் அதே அழைப்பில், “வெளியே போகிற இரத்தம் கட்டுகிறதா, சிஸ்டர்?” என்றும் கேட்டுவிடுவேன்.

அனுபவமுள்ள செவிலியர்கள் அதற்குள் பழைய சோதனையைத் தொடங்கியிருப்பார்கள். சாதாரணக் கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம், உள்ளங்கைச் சூட்டில் மூடிப் பிடித்திருக்க வேண்டும். நான்கு நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்து, பிறகு நிமிடத்துக்கொரு முறை. ஏழு நிமிடமாகியும் கட்டவில்லை, அல்லது கட்டியது எளிதில் உடைகிறது என்றால் உறைதலில் கோளாறு. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எங்கள் சென்ட்ரிஃபியூஜ் சுற்றி முடிப்பதற்குள் அவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். இதில் எனக்கு வெட்கமெல்லாம் இல்லை.

வேறு குறிகாட்டிகளும் வந்துபோகின்றன. இரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுப்பதும் கர்ப்பத்தில் தானாகவே குறைவதுமான புரோட்டீன் எஸ் என்ற புரதத்தின் அளவைக் கேட்டு அனுப்புவார்கள். பிரசவம் கழிந்து சில வாரங்களுக்குப் பின் அனுப்புங்கள் என்று சொல்லிவிடலாம். தட்டணுக்கள் குறைவென்று வந்தால் ஊதா மூடிக் குழாயில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று கண்ணாடித் தகட்டில் பார்த்துவிட்டுத்தான் அறிக்கை.

எங்கள் ஆய்வகத்தில் உடனே அழைத்துச் சொல்ல வேண்டிய ஃபைப்ரினோஜன் எல்லை 100 என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. பிரசவ அறை மாதிரி 300-க்குக் கீழே வந்தாலே நான் அழைக்கிறேன். “இயல்புதானே, எதற்கு அழைத்தீர்கள்?” என்று சில இளம் மருத்துவர்கள் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் எடுத்த அளவு கணினியில் இருந்தால், அதையும் பக்கத்தில் வைத்துப் படித்துச் சொல்லிவிடுகிறேன்.